முதலில் நகல் எடுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "பத்து நிமிஷம் பேசு, பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது சொல்லு" என்றார். வெற்றி பெறுவது எப்படி என்று பேசலாமா என்று யோசித்தேன். அதைப் பேச என்னை விடப் பொருத்தமானவர்கள் இந்த மேடையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் நான் தோற்ற கதை ஒன்றைச் சொல்கிறேன். அது ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிய கதை.

நான் 2012-ல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனவன். கையில் டிகிரி இருந்தது, வேலை இல்லை. செம்பட்டியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த காலம். வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், நிலக்கோட்டை என்று நாலு பக்கமும் பஸ் போகிற ஊர் அது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. ஸ்டூடியோ என்று போர்டு இருக்குமே தவிர ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கேதான். நம்மில் பலருடைய புராஜெக்ட் ரிப்போர்ட் ஸ்பைரல் பைண்டிங் ஆனதும் அங்கேதான். கடைக்கார அண்ணன் நம் பையன்களிடம் பாதிக் காசுதான் வாங்குவார்.

அந்த வருஷத்து மின்வெட்டு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே, ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களும் உண்டு. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். அண்ணன் கடையில் யு.பி.எஸ். இருந்தது. ஆனால் அதன் பேட்டரி செத்து மாதக்கணக்காகியிருந்தது. கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் அந்த நொடியே போய்விடும்.

நவம்பரில் ஒரு நாள் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, சிஸ்டம் அடிக்கடி நின்னு போகுதுப்பா. மவுஸ் மட்டும் நகருது, வேற எதுவும் அசைய மாட்டேங்குது. அப்பப்போ நீலமா ஒரு ஸ்கிரீன் வேற வருது. நீதான் இன்ஜினியராச்சே, வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். ரெண்டு நிமிஷத்தில் தீர்ப்பு சொன்னேன்: "வைரஸ்ண்ணே. பார்மட் அடிச்சா சரியாயிடும்."

சி டிரைவை பார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். போட்டோ எல்லாம் டி டிரைவில் இருந்தது, அதைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் பறந்தது. அண்ணன் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் மறுபடியும் பழைய குருடி. ராம் போயிருக்கும் என்று மாற்றினேன். தீரவில்லை. கடைசியில், டிஸ்க்கில் கெட்ட பகுதி இருந்தால் சரிசெய்யும் என்று எங்கோ படித்ததை நம்பி 'செக் டிஸ்க்' கட்டளையை முழுச் சோதனையாக ஓட விட்டேன். "ராத்திரி பூரா ஓடும்ண்ணே, காலையில சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கென்று ராத்திரி கரண்ட் போகவே இல்லை.

காலையில் கடைக்குப் போனால் டக், டக், டக் என்று பெட்டிக்குள்ளிருந்து சத்தம். டிஸ்க் இருப்பதாகவே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. நாலு வருஷத்துப் போட்டோக்கள் அதோடு போய்விட்டன.

அண்ணன் திட்டவில்லை. "விடு தம்பி, நீ என்ன வேணும்னா செஞ்சே?" என்றார். திட்டியிருந்தால் இந்தப் பேச்சு இன்றைக்கு இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். அதற்குப் பிறகு தரவுச் சேமிப்புத் துறையிலேயே வேலை கிடைத்து, பத்து வருஷத்துக்கு மேலாக டிஸ்க்குகளோடுதான் குடித்தனம்.

ஹார்ட் டிஸ்க்கின் கதை 1956-ல் தொடங்குகிறது. ஐ.பி.எம். நிறுவனம் அந்த வருஷம் கொண்டுவந்த ராமக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கில், 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையிலும் சேர்த்து சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கும். இன்றைக்கு உங்கள் செல்போனில் எடுக்கிற ஒரே ஒரு போட்டோவுக்கு அது காணும் காணாததற்கு. அளவு எவ்வளவோ மாறினாலும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுற்றும், அதன் மேல் ஒரு தலை மிதந்துகொண்டு படிக்கும், எழுதும்.

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அதன் ஓரம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பின் சின்ன டிஸ்க் 5,400 முறை. அதன் ஓரத்தின் வேகம் ஏறக்குறைய நம் பழனி பஸ்ஸின் வேகம்தான், மணிக்கு 65 கிலோமீட்டர். தலைக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்கள் மட்டுமே. ஒரு தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். அப்படியானால் ஒரு தூசி போதும், ஒரு அதிர்ச்சி போதும்.

கரண்ட் திடீரென்று போனால் என்ன ஆகும்? தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்து, தலையை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்துகிற ஏற்பாடு டிஸ்க்குக்குள் இருக்கிறது. அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் அவசரத்துக்கு வைத்தது. தினமும் பத்து தடவை அவசரம் வந்தால் தேய்மானம் வராதா? அதோடு, எழுதிக்கொண்டிருந்த பகுதி அரைகுறையாக நின்றுபோனால், பிறகு அதைப் படிக்கும்போது கணக்கு ஒத்துவராது. படிக்க முடியாத பகுதியாக அது நின்றுவிடும்.

இப்போது அண்ணன் சொன்ன அறிகுறிகளுக்கு வருவோம். மவுஸ் நகருகிறது, மற்றதெல்லாம் நிற்கிறது. ஏன்? கெட்ட பகுதி ஒன்றைப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் உடனே கைவிடாது. திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். அது பல நொடிகள் நீளும். அதுவரை விண்டோஸ் வாசலில் காத்து நிற்கும். மவுஸ் அம்புக்குறிக்கு டிஸ்க் தேவையில்லை, அது நினைவகத்திலேயே இருக்கிறது. அதனால் அது மட்டும் ஆடுகிறது.

நீலத் திரை ஏன்? விண்டோஸ் தன் உள் விவரங்களில் ஒரு பகுதியை இடமில்லாதபோது டிஸ்க்கில் இறக்கி வைக்கும். திரும்ப எடுக்கப் போகும்போது அந்த இடம் கெட்டுப்போயிருந்தால் அதனால் மேற்கொண்டு ஓட முடியாது. அப்போது வருகிற எழுத்துதான் 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்'. அண்ணன் கடையில் வந்த எழுத்து அதுவேதான். திரையில் எழுதியே காட்டியது, நான் படிக்கவில்லை.

பார்மட் அடித்ததும் ஏன் ரெண்டு நாள் சரியாக ஓடியது? இதுதான் பலரை ஏமாற்றுகிற இடம். டிஸ்க்கில் மாற்று இடங்கள் கொஞ்சம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். கெட்ட பகுதியில் புதிதாக எழுத வரும்போது, டிஸ்க் அதற்குப் பதிலாக மாற்று இடத்தைக் கொடுத்துவிடும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அதன் கோப்புகளும் வேறு இடங்களில் போய் உட்காரும். நோய் குணமானதுபோலத் தெரியும். உள்ளே தலை தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

முழுச் சோதனை ஏன் கொன்றது? சாகக் கிடக்கிற டிஸ்க்கை ஒரு இடம் விடாமல், காலி இடம் உட்பட, படிக்கச் சொன்னேன். மூச்சு வாங்குகிறவரை மாரத்தான் ஓடச் சொன்ன மாதிரி. காலையில் கேட்ட அந்த டக் டக், தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் மறுபடி மறுபடி ஆரம்பத்துக்கே திரும்பி வருகிற சத்தம்.

சரி, கம்ப்யூட்டர் நின்றால் அது டிஸ்க்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தம்பிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பிட்ட ஒரு போல்டரைத் திறக்கும்போதே நிற்கிறது, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, கோப்பைக் காப்பி செய்யும்போது பாதியில் நிற்கிறது என்றால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நீலத் திரை வந்தால் ராம். மெம்டெஸ்ட் என்ற இலவசச் சோதனையை ஒரு ராத்திரி ஓட விடலாம். நீலத் திரையே இல்லாமல் பட்டென்று அணைந்தால் பவர் சப்ளை அல்லது சூடு. கேம் விளையாடி அரை மணி நேரத்தில் நின்றால் விசிறியில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, டிஸ்க்கையே கேளுங்கள். 1990-களிலிருந்தே டிஸ்க்குகளில் 'ஸ்மார்ட்' என்ற சுயபரிசோதனைக் குறிப்பு இருக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதைப் படிக்கலாம். நான்கு எண்கள் போதும். 5 என்பது ஏற்கெனவே மாற்று இடத்துக்குப் போன பகுதிகள். 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பகுதிகள். 198 என்பது சோதனையில் படிக்கவே முடியாமல் போனவை. இந்த மூன்றில் ஏதாவது பூஜ்யத்திலிருந்து ஏற ஆரம்பித்தால் அன்றைக்கே நகல் எடுக்க வேண்டும். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும், கேபிள்தான் கோளாறு. சின்னக் கேபிளை மாற்றிப் பார்க்காமல் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

ஆனால் ஸ்மார்ட் நல்லதாகச் சொன்னால் நிம்மதியாகத் தூங்கலாமா? முடியாது. 2007-ல் கூகுள் நிறுவனத்தின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ என்ற மூவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழை காட்டாத டிஸ்க்கை விட அடுத்த 60 நாளுக்குள் சாவதற்கு 39 மடங்கு வாய்ப்பு என்று கண்டார்கள். அதே கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. அதாவது, எச்சரிக்கை வந்தால் நம்புங்கள், வரவில்லை என்பதை நம்பாதீர்கள்.

கோளாறு டிஸ்க்தான் என்று தெரிந்தால் வரிசை இதுதான். முதலில் நகல், பிறகுதான் வைத்தியம். பார்மட், டிபிராக், செக் டிஸ்க் எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டரை அணையுங்கள். ஒரு பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றுங்கள். டிஸ்க் சுமாராகப் படிக்கிறது என்றால், திரும்பக் கிடைக்காததை முதலில் எடுங்கள். சினிமாவும் சாப்ட்வேரும் மறுபடி கிடைக்கும், தங்கச்சி கல்யாணப் போட்டோ கிடைக்காது. டிஸ்க் தடுமாறுகிறது என்றால் 'டிடி ரெஸ்க்யூ' என்ற இலவசக் கருவி இருக்கிறது. அது நன்றாகப் படிக்கிற பகுதிகளை முதலில் எடுத்துவிடும், கெட்ட இடங்களைத் தாண்டிப் போய்க் கடைசியில்தான் அவற்றிடம் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும், பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எடுத்து முடித்த பிறகு, பழுதுபார்க்கும் வேலையை எல்லாம் அந்த நகலின் மேல் செய்யுங்கள்.

டக் டக் சத்தம் வந்துவிட்டால் மறுபடி ஓட்டாதீர்கள். மூடியைத் திறக்காதீர்கள். பிரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். அதற்கென்று தூசியில்லா அறை வைத்திருக்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அண்ணனும் விசாரித்தார். அவர்கள் கேட்ட தொகை நாலு மாதக் கடை வாடகை.

"ரெண்டாவதா ஒரு டிஸ்க் வாங்கி வெச்சிருக்கலாமேண்ணே" என்று நான் கேட்டேன், அதையும் வெட்கமில்லாமல். அவர் சொன்னார்: "போன வருஷமே வாங்கத்தான் போனேன். விலை டபுளாயிருச்சு. தாய்லாந்துல வெள்ளமாம். அங்க வெள்ளம் வந்தா செம்பட்டியில ஏன்டா விலை ஏறுது?" அவர் சொன்னது உண்மைதான். 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வந்த வெள்ளத்தில் பெரிய ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகளே மூழ்கின. உலகம் முழுக்க விலை எகிறியது. விலை இறங்கட்டும் என்று அண்ணன் தள்ளிப்போட்டார். டிஸ்க் அதுவரை காத்திருக்கவில்லை.

இனி, இந்தக் கதையில் என்னால் மறக்க முடியாத பகுதி. டிஸ்க் போய் ஒரு பத்து நாள் இருக்கும். கடைக்கு ஒரு வயதான ஆத்தா வந்தார். மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்ச் சேர்ந்து முப்பதாம் நாள். மாட்டி வைக்கப் படம் வேண்டும். "போன வருசம் எங்க வீட்டுக் காதுகுத்துல நீதான சாமி படம் புடிச்ச? அதுல எம்புள்ள சிரிச்சுக்கிட்டு நிப்பான். அத மட்டும் பெருசாப் போட்டுக் குடு ராசா."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தம்மாவிடம் ஹார்ட் டிஸ்க் என்று என்ன சொல்வது? "படம் அழிஞ்சு போச்சு ஆத்தா" என்று அண்ணன்தான் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அதுவும் போயிருச்சா" என்று மட்டும் கேட்டார்.

அந்த விசேஷத்துக்கு ஆல்பம் போட்டார்களா என்று அன்றைக்கே விசாரித்தோம். ஆல்பம் ஒன்று நிலக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தது. பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். பந்தியில் பரிமாறுகிற படம் ஒன்றில் அவர் பின்னால் நின்றார். முகம் விரல் நகம் அளவுதான். ஸ்கேன் செய்து பெரிதாக்கினோம். தெளிவு இல்லை, ஆனால் சிரிப்பு தெரிந்தது. ஆத்தா அதை முந்தானையில் துடைத்து வாங்கிக்கொண்டு போனார். முழுப்படம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது, அது எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

யோசித்துப் பாருங்கள், கொஞ்சமாவது காப்பாற்றியது எது? வேறு ஊரில், வேறு பொருளில், காகிதத்தில் இருந்த இன்னொரு நகல். பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 விதி இதைத்தான் சொல்கிறது. மூன்று பிரதி வேண்டும், இரண்டு வகைப் பொருளில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாகக் கிடைக்கவில்லை, சில பாடல்கள்தான் மிஞ்சின. உ.வே.சா. 1887-ல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பிரதிகள் இருந்ததால்தான். ஒன்றில் செல்லரித்த இடத்தை இன்னொன்றில் பார்த்துக்கொள்ள முடிந்தது. ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதி வைத்த பெயர் தெரியாத மனிதர்கள் செய்தது பேக்கப் வேலைதான்.

நாம் பூட்டு ஊர்க்காரர்கள். திண்டுக்கல் பூட்டு வாங்கினால் சாவி ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்பார்கள். இரண்டாவது சாவியை யாராவது பூட்டிலேயே கட்டித் தொங்க விடுவார்களா? சி டிரைவில் உள்ளதை டி டிரைவில் காப்பி செய்துவிட்டு "பேக்கப் இருக்கு" என்று சொல்வது அந்த மாதிரிதான். எழுத்து வேறு, டிஸ்க் ஒன்றே.

"எங்க லேப்டாப்ல எஸ்.எஸ்.டி. அண்ணே, அதுல தட்டே சுத்தாது" என்று தம்பிகள் சொல்வீர்கள். உண்மை. அது சத்தமும் போடாது. பல நேரம் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் ஒரே நாளில் மொத்தமாகப் போகும். அழித்த கோப்பை மீட்பதும் அதில் பெரும்பாலும் முடியாது. உங்களுக்குத்தான் இந்தப் பேச்சு இன்னும் அவசியம். இறுதியாண்டு புராஜெக்ட் இப்போது எத்தனை இடத்தில் இருக்கிறது? ஒரே இடம் என்றால், இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இரண்டாவது இடத்தில் வையுங்கள். வைத்தால் மட்டும் போதாது, திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே இல்லை.

அந்த ஸ்டூடியோ இப்போதும் நடக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒன்று, வீட்டு அலமாரியில் ஒன்று என்று இரண்டு வெளி டிஸ்க்குகள் இருக்கின்றன. முதல் சம்பளத்தில் ஒன்று நான் வாங்கிக் கொடுத்தது. மாதத்துக்கு ஒரு முறை மாற்றி வைப்பார். போன முறை ஊருக்கு வந்தபோது போயிருந்தேன். "தம்பி, சிஸ்டம் கொஞ்சம் மெதுவாப் போகுது, பாக்குறியா?" என்றார்.

"பார்க்குறேன்ண்ணே. நகல் எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே அலமாரிச் சாவியை எடுத்துக் காட்டினார்.